சூரியன் அண்ணனா, தம்பியா?
அசிசியாரின் பாடலும் கிறிஸ்தவ இறையியலில் இயற்கையும்

மயூர் விகாரில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறோம். ஒரு வாரம் பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பழைய பாட்டு ஒன்றின் ஆங்கில வடிவத்தைக் கையில் கொடுத்து, இதைத் தமிழில் ஆக்கிப் பாருங்கள் என்றேன். இத்தாலி நாட்டு அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் 1225-இல் பாடிய பாட்டு அது. சூரியனைச் சகோதரன் என்றும் தண்ணீரைச் சகோதரி என்றும் சொல்லி இறைவனைப் புகழ்வது. வகுப்பில் கிறிஸ்தவப் பிள்ளைகள் இரண்டே பேர். மற்றவர்களுக்கு அது வெறும் மொழிபெயர்ப்புப் பயிற்சி. பத்து நிமிஷம் ஆகியிருக்காது, ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். "சார், சூரியன் அண்ணனா, தம்பியா?"

"சகோதரன்னு போடும்மா" என்றேன்.

"வீட்டுல யாரு சார் சகோதரான்னு கூப்பிடுவாங்க? சர்ச்சுல பாஸ்டர்தான் கூப்பிடுவாரு."

வகுப்பே சிரித்தது. ஆனால் அவள் சொன்னது சரிதானே? ஆங்கிலத்துக்கும் இத்தாலிய மொழிக்கும் இந்தச் சிக்கல் கிடையாது. மூத்தவனா இளையவனா என்று சொல்லாமலே உடன்பிறந்தவன் என்று சொல்லிவிட அவற்றில் ஒரு சொல் இருக்கிறது. இந்தியிலும் 'பாயி' என்றால் போதும். தமிழில் வீட்டுப் பேச்சில் அப்படி ஒரு சொல் இல்லை. வாயைத் திறந்தால் அண்ணன், இல்லாவிட்டால் தம்பி. யார் முதலில் வந்தவர் என்று முடிவு செய்யாமல் தமிழன் உறவு சொல்லிக் கூப்பிட முடியாது. அந்தப் பெண் கேட்டது மொழிபெயர்ப்புக் கேள்விதான். ஆனால் வீட்டுக்கு வந்து யோசிக்க யோசிக்க, கிறிஸ்தவ இறையியல் இயற்கையை எங்கே வைக்கிறது என்ற பெரிய கேள்விக்கு அது ஒரு நல்ல வாசல் என்று பட்டது. இந்தக் கட்டுரை அப்படிப் பிறந்தது.

பாட்டின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்சிஸ் துணி வியாபாரி ஒருவரின் மகன். சொத்தை எல்லாம் உதறிவிட்டு ஏழ்மையைத் தேடிப்போனவர். 1219-இல் சிலுவைப்போர் நடந்துகொண்டிருந்தபோதே எகிப்துக்குப் போய் சுல்தான் அல்-காமிலைச் சந்தித்துப் பேசியவர். 1225-இல் அசிசிக்கு வெளியே சான் தமியானோ என்ற சின்னக் கோயிலருகே படுத்த படுக்கையாக இருந்தார். கண்நோய் முற்றிவிட்டது. பகலில் வெயிலையும் இரவில் விளக்கொளியையும் அவரால் பார்க்க முடியவில்லை என்றும், படுத்திருந்த குடிசையில் எலிகள் மேலே ஏறி ஓடித் தூங்கவிடவில்லை என்றும் அவருடைய தோழர்களின் நினைவுக்குறிப்புகள் சொல்கின்றன. சூரியனைப் புகழ்ந்து பாடியவருக்குச் சூரிய ஒளி பட்டால் கண் வலித்தது! காலண்டர் படத்துக்காக எழுதிய பாட்டு இல்லை இது என்பதை இந்த ஒரு செய்தியே சொல்லிவிடும்.

லத்தீனில் பாடவில்லை. ஊர்ப் பேச்சான உம்பிரிய வழக்கில் பாடினார். தாந்தே பிறப்பதற்கு நாற்பது வருஷம் முந்தியது. இத்தாலிய இலக்கியத்தின் தொடக்ககால ஆக்கங்களில் ஒன்றாக இதை வைக்கிறார்கள். அசிசியில் உள்ள 338ஆம் எண் சுவடியில் பாட்டுக்கு மேலே இசைக்குறிப்புக்கு இடம் விட்டிருக்கிறார்கள். ஆனால் குறிப்பை எழுதவில்லை. பரிபாடலுக்குப் பண்ணின் பெயர் கிடைத்துப் பண் கிடைக்காமல் போனது நினைவுக்கு வருகிறது.

பாட்டில் வருபவர்கள் யார் யார்? சூரியன், நிலாவும் நட்சத்திரங்களும், காற்று, தண்ணீர், நெருப்பு, பூமி. அப்புறம் மன்னிக்கும் மனிதர்கள். கடைசியில் மரணம். விண்ணும் வளியும் நீரும் தீயும் நிலமும் வரிசையாக வருவதைப் பார்த்ததும் நம் ஆட்களுக்கு ஐம்பூதம் ஞாபகம் வரும். வரட்டும், அது தவறில்லை. கவனிக்க வேண்டிய இன்னொன்று, பறவைகளுக்குப் பிரசங்கம் செய்தவர் என்று உலகமே அறிந்த இந்த மனிதரின் பாட்டில் ஒரு பறவைகூடக் கிடையாது. ஆடு மாடு ஓநாய் எதுவும் இல்லை. விலங்குகளிடம் அன்பு காட்டிய நல்ல மனிதர் என்ற அளவில் அவரை நிறுத்திக்கொள்பவர்களுக்கு இந்தப் பாட்டு கொஞ்சம் ஏமாற்றமாகவே இருக்கும்.

இன்னொரு சொல்லும் இதில் இல்லை. அதுதான் 'இயற்கை'.

கிறிஸ்தவ இறையியலில் இயற்கை என்ற சொல்லைத் தேடிப்போனால் மரமும் ஆறும் கிடைக்காது. கிரேக்கத்தில் 'பியூசிஸ்', லத்தீனில் 'நாத்தூரா' என்று வரும் சொல் அங்கே பெரும்பாலும் இயல்பு, தன்மை என்ற பொருளில்தான் வழங்குகிறது. 451-இல் கால்சிதோன் சங்கம் கிறிஸ்துவுக்கு இறை இயல்பு, மனித இயல்பு என்று இரண்டு இயல்புகள் உண்டென்று வரையறுத்ததே, அந்த 'இயல்பு' இதுதான். பிரான்சிஸ் இந்தப் பாட்டைப் பாடிய 1225-ஐ ஒட்டிப் பிறந்த தாமஸ் அக்குவினாஸ், இறைவனின் அருள் இயல்பை அழிப்பதில்லை, அதை நிறைவுக்குக் கொண்டுவருகிறது என்று வாதிட்டபோதும் மனதில் இருந்தது இந்தப் பொருளே. பழைய தமிழ் பைபிளில் இதற்கு 'சுபாவம்' என்று போட்டார்கள். ஆறு, மலை, மழை, மாடு இவற்றுக்கெல்லாம் சேர்த்து அந்த மதம் வைத்திருக்கும் பெயர் படைப்பு, அல்லது சிருஷ்டி. பிரான்சிஸும் 'உம் படைப்புகள்' என்றுதான் பாடினார்.

இயற்கை வேறு, படைப்பு வேறு. தானாக இயல்வது இயற்கை. அதற்குப் பின்னால் யாரும் தேவையில்லை. படைப்பு என்று சொன்னால் படைத்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும். இந்த வேறுபாட்டைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலும் 76ஆம் பத்தியில் எடுத்துச் சொல்கிறது. அந்த மடலின் பெயரே அசிசியார் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் 'புகழ் உமக்கே' என்ற சொற்களிலிருந்து எடுத்ததுதான்.

இங்கே நம்ம இலக்கணம் உதவிக்கு வருகிறது. நன்னூல் உலகத்தை எப்படிப் பிரிக்கிறது? மனிதர், தேவர், நரகர் மூவரும் உயர்திணை. மற்றதெல்லாம், உயிர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அஃறிணை. அதாவது கடவுளும் மனிதனும் கோட்டுக்கு இந்தப் பக்கம். மாடும் மரமும் மலையும் அந்தப் பக்கம். தமிழ் பேசும் ஒவ்வொருவரும், எந்த மதமானாலும், ஒரு வாக்கியத்தை முடிக்கும்போதெல்லாம் இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

கிறிஸ்தவ இறையியல் போடும் கோடு வேறு இடத்தில் விழுகிறது. படைத்தவர் ஒருவர் மட்டும் ஒரு பக்கம். படைக்கப்பட்டவை எல்லாம் மறுபக்கம். வானதூதர், அரசன், புழு, கூழாங்கல், சூரியன் எல்லாரும் ஒரே பக்கம்தான். பைபிளின் முதல் அதிகாரத்தில் மனிதனும் காட்டு விலங்கும் கால்நடையும் ஒரே ஆறாம் நாளில் படைக்கப்படுகின்றன. மனிதனுக்கென்று தனி நாள் ஒதுக்கவில்லை. இரண்டாம் அதிகாரத்தில் மனிதனை மண்ணிலிருந்து எடுக்கிறார். எபிரேயத்தில் 'ஆதாமா' என்றால் மண், அதிலிருந்து எடுத்தவன் 'ஆதாம்'. அப்படியானால் சூரியனும் நானும் ஒரு தகப்பன் பிள்ளைகள் என்று சொல்வதில் என்ன மிகை இருக்கிறது?

இப்போது பள்ளிக்கூடத்தில் படித்த இன்னொரு பாடம். பசுவைக் கண்ட மகிழ்ச்சியில் ஒருவன் அதை அம்மா என்று சொல்லி 'வந்தாள்' என்று முடித்தால் அது பிழையா? பிழைதான், ஆனால் உவப்பினால் வந்ததால் ஏற்றுக்கொள்ளலாம் என்பார்கள். திணை வழுவமைதி. பிரான்சிஸ் நெருப்பைச் சகோதரன் என்றது வழுவா, வழுவமைதியா, வழாநிலையா? என் கணக்கில், அவரைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரையும் இந்த மூன்று கூடையில் போட்டுவிடலாம்.

வழு என்று எடுத்துக்கொண்டவர்களில் பெரிய பெயர் லின் ஒயிட். இடைக்காலத் தொழில்நுட்ப வரலாற்றில் புகழ்பெற்ற அமெரிக்கப் பேராசிரியர். 1967 மார்ச்சில் 'சயின்ஸ்' இதழில் அவர் எழுதிய சிறு கட்டுரை இன்றுவரை புகைந்துகொண்டிருக்கிறது. இன்றைய சூழல் நெருக்கடியின் வேர் மேற்கத்தியக் கிறிஸ்தவத்தில் இருக்கிறது என்பது அவர் வாதம். மரத்திலும் ஊற்றிலும் குடியிருந்த தெய்வங்களைக் கிறிஸ்தவம் விரட்டியது. விரட்டியதும் மரம் வெறும் மரமாயிற்று. வெறும் மரத்தை வெட்டக் கை கூசவில்லை. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் மனிதனுக்குத் தரப்பட்ட ஆளுகை இதற்குச் சாஸ்திரமாயிற்று. இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. எட்டாம் நூற்றாண்டில் ஜெர்மானிய மக்கள் வணங்கிய ஓக் மரத்தைப் புனித போனிபாஸ் வெட்டி வீழ்த்தியதைச் சபை வெற்றிக் கதையாகவே சொல்லிவந்திருக்கிறது. மறைக்க முடியுமா?

அதே கட்டுரையின் கடைசியில் ஒயிட் ஒரு திருப்பம் வைக்கிறார். பிரான்சிஸ் ஒருவர்தான் மனிதனின் முடியாட்சியைக் கவிழ்த்து எல்லாப் படைப்புக்கும் ஜனநாயகம் கேட்டவர், ஆகவே சூழலியலாளர்களுக்கு அவரைப் பாதுகாவலராக வைத்துக்கொள்ளலாம் என்கிறார். (1979-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அப்படியே அறிவித்தும் விட்டார்.) கேட்கச் சந்தோஷமாக இருந்தாலும் இதில் ஒரு குறை இருக்கிறது. ஒயிட்டின் பார்வையில் பிரான்சிஸ் கிறிஸ்தவத்துக்குள் நடந்த விபத்து; தன் மதத்தை மீறியதால் நல்லவரானவர். பாட்டைக் கூர்ந்து படித்தால் அப்படித் தெரியவில்லை. 148ஆம் சங்கீதத்தில் சூரியனும் சந்திரனும் கல்மழையும் பழமரமும் இறைவனைத் துதிக்க அழைக்கப்படுகின்றன. கத்தோலிக்க பைபிளின் தானியேல் நூலில் தீச்சூளைக்குள் நின்ற மூன்று இளைஞரின் பாட்டும் அதே மாதிரி. சந்நியாசிகள் ஓதிவந்த பாட்டுகள் இவை, பிரான்சிஸுக்கு மனப்பாடம். 104ஆம் சங்கீதத்தில் சிங்கக்குட்டி தன் இரையை இறைவனிடம் கேட்கிறது. மனிதன் பகலில் வேலைக்குப் போய் வருகிறவன், அவ்வளவுதான். யோபு நூலின் கடைசி அதிகாரங்களில் மனிதனுக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லாத காட்டுக்கழுதையையும் தீக்கோழியையும் இறைவன் பெருமையாகக் காட்டுகிறார். இந்தப் பக்கங்களை எல்லாம் விட்டுவிட்டு ஆளுகை வசனம் ஒன்றை மட்டும் எடுத்துவைத்தால் பிரான்சிஸ் விதிவிலக்காகத்தான் தெரிவார்.

பிரான்சிஸ் புதிதாகச் செய்தது ஒன்று உண்டு. சங்கீதத்தில் சூரியனுக்குக் கட்டளை போகிறது, துதி என்று. பிரான்சிஸ் கட்டளை இடவில்லை, உறவு சொன்னார்.

ஒயிட்டுக்குப் பதில் சொல்லக் கிளம்பிய இறையியலாளர் பலர், குறிப்பாகச் சீர்திருத்த சபைகளில், பிடித்துக்கொண்ட சொல் உக்கிராணத்துவம். பூமி இறைவனுடையது, மனிதன் கணக்கு ஒப்புவிக்க வேண்டிய உக்கிராணக்காரன். ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் மனிதனைத் தோட்டத்தில் வைத்தது 'பண்படுத்தவும் காக்கவும்'தான் என்று காட்டினார்கள். நல்ல வாதம். பண்படுத்துதல் என்று நாம் படிக்கும் அந்த எபிரேய வினைக்கு ஊழியம் செய்தல் என்றும் பொருள். கோயில் பணிவிடைக்கும் அதே சொல் வரும். இருந்தாலும் எனக்கு உக்கிராணத்துவத்தில் ஒரு நெருடல். உக்கிராணம் என்பது என்ன? சாமான் அடுக்கி வைக்கிற அறை. நேர்மையான மேனேஜர் சாமானைத் திருட மாட்டார், சரி. ஆனால் சாமானோடு அவருக்குப் பேச்சு வார்த்தை ஏது?

இரண்டாவது கூடையில் இருப்பவர்கள் தொகை அதிகம். வாழ்த்து அட்டை, காலண்டர், தோட்டத்தில் வைக்கும் சிமெண்டு பொம்மை. அவர்களுக்கு இந்த உறவுச் சொற்கள் எல்லாம் கவிஞனின் உவப்பு, வழுவமைதி. நாம் 'அம்புலி மாமா' என்று குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. இவர்கள் வழக்கமாகச் செய்கிற காரியம், மரணம் வரும் கடைசிப் பகுதியை விட்டுவிடுவது. அதில் சாவான பாவத்தைப் பற்றிய எச்சரிக்கையும் இருக்கிறது, அது அட்டைக்கு ஒத்துவராது. வீரமாமுனிவர் தேம்பாவணியில் யூதேயாவைத் தமிழ்க் காப்பிய நாட்டுப் படல மரபில் வர்ணித்தார். அங்கே இயற்கை காப்பியத்துக்கு அணி, அது அந்த வகைக்கு உரியது. அவரும் இத்தாலியரே. ஆனால் அசிசியாரின் பாட்டை அணியாகப் படிக்க முடியாது.

ஏன் முடியாது என்பதற்குப் பாட்டில் உள்ள சில சொற்களைப் பார்க்கலாம்.

சூரியனுக்கு மட்டும் சகோதரன் என்பதற்கு முன்னால் 'மெசோர்' என்று ஒரு மரியாதைச் சொல் சேர்த்திருக்கிறார். ஐயா, பெருமகனார் என்கிற மாதிரி. நம் வகுப்புப் பெண்ணின் கேள்விக்குப் பதில் இங்கேயே கிடைத்துவிடுகிறது. மரியாதை கொடுத்து உறவும் சொன்னால் தமிழில் அவர் அண்ணன்தான். தம்பியாக இருக்க வழியே இல்லை. ஆதியாகமக் கணக்கிலும் சூரியன் நான்காம் நாள், மனிதன் ஆறாம் நாள். தமிழில் இதற்கு ஒரு கூடுதல் சுவை உண்டு. சூரியனைத் தெய்வமாகக் கண்டால் 'வந்தான்' என்போம், பொருளாகக் கண்டால் 'வந்தது' என்போம். தெய்வமும் இல்லாமல் பொருளும் இல்லாமல் 'அண்ணன் வந்துட்டார்' என்று சொல்ல நமக்குப் பழக்கமில்லை. பிரான்சிஸ் அதைத்தான் சொல்கிறார்.

பூமியைப் பற்றிய இடம் இன்னும் ருசியானது. அவளைச் சகோதரி என்கிறார், கையோடு நம் தாய் என்றும் சொல்கிறார். ஐரோப்பிய வாசகருக்கு இது குழப்பம்: ஒருத்தி எப்படி இரண்டும் ஆவாள்? நமக்கு என்ன குழப்பம்? அம்மா வயல் வேலைக்குப் போன வீட்டில் தம்பி தங்கையை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காக்கள் எத்தனை பேர்! தாயும் உடன்பிறந்தாளும் ஒன்றாகும் இடம் அக்கா. அடுத்து அவர் போடும் வினையைப் பாருங்கள். பூமி நம்மைத் தாங்குகிறாள், 'கவெர்னா' செய்கிறாள். ஆள்கிறாள் என்றும் பேணுகிறாள் என்றும் அதற்குப் பொருள். மனிதன் பூமியை ஆள்கிறான் என்பதை வைத்து ஒயிட் வழக்குப் போட்டார். இங்கே பூமி மனிதனை ஆள்கிறாள். அதுவும் அக்கா வீட்டை ஆள்கிற மாதிரி, சோறு போட்டு, அதட்டி.

2015 சுற்றுமடலின் தொடக்கம் இந்தச் சகோதரி-தாயை எடுத்துக்கொண்டு ஆரம்பிக்கிறது. பூமி நமக்கு முன்பிருந்தே இருக்கிறது என்று 67ஆம் பத்தியில் நினைவூட்டுகிறது. மூத்தவள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆனால் மடல் போகப்போக 'பொது வீடு' என்ற உருவகம் முன்னால் வந்துவிடுகிறது, துணைத்தலைப்பிலேயே வீடுதான். அறிவியலாரோடும் அரசுகளோடும் பேச அது வசதி என்பது புரிகிறது. என்றாலும் வீடு என்றதும் அது யார் பேரில் பதிவு என்ற பேச்சு பின்னாலேயே வந்துவிடும். அக்காவை யார் பேரிலும் பதிவு செய்ய முடியாது. அசிசியார் இதில் மடலைவிட ஒரு படி மேலே நிற்பதாகவே நினைக்கிறேன்.

அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் ஒரு சின்னச் சொல்லையும் சொல்லியாக வேண்டும். 'பெர்'. இறைவா, சூரியன் 'பெர்' உமக்குப் புகழ் என்று பாட்டு அமைந்திருக்கிறது. சூரியனுக்காக என்பதா, சூரியனால் என்பதா, சூரியன் வழியாக என்பதா? 'க்காக' என்றால் சூரியன் நமக்குக் கிடைத்த பரிசு, நாம் நன்றி சொல்கிறோம். 'ஆல்' என்றால் புகழ்வது சூரியன். நாம் பக்கத்தில் நின்று கேட்கிறோம். படைப்புகளை நாள்தோறும் பயன்படுத்திக்கொண்டு நன்றி மறந்திருக்கிறோம் என்று பிரான்சிஸ் வருந்தியதாகத் தோழர்களின் குறிப்பு சொல்வதால் முதல் பொருளுக்கு ஆதரவு உண்டு. ஆனால் பாட்டின் வாசலிலேயே, இறைவனின் பெயரைச் சொல்லக்கூட எந்த மனிதனுக்கும் தகுதியில்லை என்று அவர் சொல்லிவிடுகிறார். மனிதன் வாயைப் பொத்திக்கொண்ட பிறகு புகழ்வது யார்? அதனால் என் சாய்வு 'ஆல்' பக்கம். தமிழில் மூன்றாம் வேற்றுமை கருவியையும் கருத்தாவையும் தாங்கும். 'மழையால் விளைந்தது' என்னும்போது காரணத்தையும் தாங்குகிறது. 'சூரியனால் உமக்குப் புகழ்' என்று போட்டால் இத்தாலியச் சொல்லின் அகலம் ஏறக்குறைய முழுசாக வந்துவிடுகிறது. சும்மா சொல்லக்கூடாது, ஆங்கிலத்தைவிட இந்த இடத்தில் நம் மொழி கைகொடுக்கிறது.

எல்லாரும் உடன்பிறந்தவர்கள் என்றால் மனிதனுக்குத் தனி இடம் எதுவும் இல்லையா என்று ஒரு கிறிஸ்தவர் கேட்பார். கேட்க வேண்டும். மனிதன் இறைச்சாயலில் படைக்கப்பட்டவன் என்று அதே ஆதியாகமம் சொல்கிறது, அதை மழுப்பக்கூடாது. பிரான்சிஸ் மழுப்பவில்லை. அசிசியின் ஆயருக்கும் நகர ஆட்சியாளருக்கும் பெரிய சண்டை மூண்டிருந்தபோது அவர் பாட்டில் ஒரு பகுதியைப் புதிதாகச் சேர்த்து, சகோதரர்களை அனுப்பி இருவர் முன்னாலும் பாடவைத்தார். இருவரும் சமாதானமானார்கள் என்பது வரலாறு. மனிதன் பாட்டுக்குள் நுழைவது அந்தப் பகுதியில்தான். எப்படி நுழைகிறான்? ஆள்பவனாக அல்ல. மன்னிப்பவனாக, நோவையும் துன்பத்தையும் பொறுப்பவனாக. சூரியன் ஒளி தருகிறது, நெருப்பு இரவை விளக்குகிறது, மனிதன் மன்னிக்கிறான். வேறு எந்தப் படைப்பும் செய்ய முடியாத வேலை அது. இறைச்சாயல் என்பதற்கு இதைவிட நல்ல உரையை நான் படித்ததில்லை.

உறவுச்சொல் மட்டும் போதுமா? போதாது என்று சொல்ல நாம் தில்லியை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. நம் புராணத்தில் யமுனை சூரியனின் மகள், எமனின் தங்கை. சூரியன், நதி, மரணம் மூவரும் ஒரே குடும்பம்! பிரான்சிஸ் கேட்டிருந்தால் துள்ளியிருப்பார். தீபாவளி முடிந்து இரண்டாம் நாள் இங்கே பாயி தூஜ் கொண்டாடுவது யமுனை தன் அண்ணனுக்கு விருந்து வைத்த நினைவாகத்தான். அதற்குச் சில நாள் கழித்து சட் பூஜைக்குக் காளிந்தி குஞ்சுப் பக்கம் போனால் வெள்ளை வெளேரென்று சோப்பு நுரை மிதக்கும். அதற்குள் இடுப்பளவு நின்று பெண்கள் சூரியனைக் கும்பிடுவார்கள். காளிந்தி என்பதும் யமுனையின் பெயர்தான். தாயே தங்கையே என்று ஆயிரம் வருஷமாக அழைத்த ஆற்றுக்கு இந்தக் கதி. ஆகவே, கிறிஸ்தவம்தான் தெய்வங்களை விரட்டி ஆற்றைக் கெடுத்தது, எங்களிடம் எல்லாம் பத்திரம் என்று நம்மவர்கள் லின் ஒயிட்டை மேற்கோள் காட்டிப் பெருமைப்படுவதற்கு எதுவும் இல்லை. கூவத்தையும் நொய்யலையும் பார்த்தவர்கள் நாம்.

உறவு என்றால் முறை செய்ய வேண்டும். பிரான்சிஸ் செய்தார். 1247 வாக்கில் தாமஸ் செலானோ எழுதிய வரலாற்றில் வருகிறது: விறகு வெட்டும் சகோதரர்களிடம் மரத்தை அடியோடு வெட்டாதீர்கள், மறுபடி துளிர்க்க இடம் விடுங்கள் என்பாராம். தோட்டக்காரச் சகோதரரிடம் ஓரத்தைக் கொத்தாமல் விடு, புல்லும் பூவும் அதுபாட்டுக்கு முளைக்கட்டும் என்பாராம். நடுப்பாதையில் கிடக்கும் புழுவை எடுத்து ஓரமாக விடுவாராம். அண்ணன் தங்கை முறையில் கொடுக்கும் சீர் மாதிரி, சின்னச்சின்னதாக, கணக்குப் பார்க்காமல். கண்நோய்க்குச் சிகிச்சையாகக் கன்னத்திலிருந்து புருவம்வரை பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டபோது, கூட இருந்தவர்கள் பார்க்க முடியாமல் வெளியே ஓடிவிட்டார்கள். அவர் மட்டும் நெருப்பைப் பார்த்து, சகோதரா, உன்னிடம் எப்போதும் அன்பாக இருந்திருக்கிறேன், இப்போது என்னிடம் கொஞ்சம் பதமாக நடந்துகொள் என்று கேட்டாராம். வழுவமைதி என்று சொல்பவர்கள் இந்தக் காட்சியை ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம்.

பாட்டில் எனக்குத் தெரியும் ஒரு குறை, அதில் கடல் இல்லை. அசிசி மலைப்பக்கத்து உள்நாட்டு ஊர். அவருடைய தண்ணீர் ஊற்று நீர், கிணற்று நீர். அடக்கமானவள் என்று புகழ்கிறார். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு காலை, வேளாங்கண்ணியிலும் நாகப்பட்டினத்திலும் குளச்சலிலும் வந்த தண்ணீர் அடக்கமானவள் இல்லை. கரையோரக் கத்தோலிக்க மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலம்மா என்று அழைத்தவர்கள். அவர்களிடம் போய் இந்தப் பாட்டைப் படித்துக்காட்ட முடியுமா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நடுப்பகுதியை மட்டும் என்றால் முடியாது. 1226-இல் சாகும் தறுவாயில் அவர் சேர்த்த கடைசிப் பகுதியோடு என்றால், ஒருவேளை முடியலாம். உயிரோடு இருக்கும் எவரும் தப்ப முடியாத மரணத்தையும் அவர் சகோதரி என்றே அழைத்தார். இயற்கை நல்லது மட்டுமே செய்யும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அது நம் குடும்பம் என்றார், அவ்வளவே.

எங்கள் வகுப்பில் அன்று சூரியன் அண்ணன் ஆனார், நிலாவும் பூமியும் அக்கா ஆனார்கள். காற்றும் தண்ணீரும் நெருப்பும் மூத்தவர்கள் பக்கமே போனார்கள். மரணத்தில்தான் நின்றுவிட்டோம். கிறிஸ்தவக் கணக்குப்படி மரணம் மனிதனுக்குப் பின்னால் உலகத்துக்கு வந்தது, அதனால் தங்கை என்று ஒரு பையன் சொன்னான். கத்தோலிக்கப் பையன், ஞாயிறு மறைக்கல்வியில் கேட்டிருப்பான். தங்கைன்னா நாமதானே பார்த்துக்கணும், இது நம்மளல்ல பார்த்துக்குது, அக்காதான் என்றாள் கேள்வி கேட்ட பெண். இன்னொரு பிள்ளை அந்த வரியையே எழுதவில்லை. போன மாசம் ஊரில் அவன் தாத்தா இறந்துபோனார். ரயிலில் டிக்கெட் கிடைக்காமல் அவர்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவன் தாளில் அந்த இடத்தை அப்படியே விட்டுவிடச் சொன்னேன்.